சூர்யாவின் இடத்தில்

நொச்சிக்குப்பம் கடற்கரைச் சாலையில் மீன் கடை போட்டிருக்கும் பெண்களில் தேசம்மாளோடு பேரம் பேசி ஜெயித்தவர்கள் அதிகம் இல்லை. மண்டைவெளியிலிருந்தும் ஆழ்வார்பேட்டையிலிருந்தும் வண்டி எடுத்துக்கொண்டு வரும் பெரிய மனிதர்கள் அவளிடம் இரண்டு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அவள் கடை முன்னால்தான் வந்து நிற்பார்கள். வாய்தான் காரமே தவிர அவள் கை சுத்தம். நேற்று ஐஸில் கிடந்த மீனை இன்று வந்தது என்று சொல்ல மாட்டாள். "இது உனுக்கு வோணாம் சார், வேற எடுத்துக்கோ" என்று வந்த வியாபாரத்தைத் தானே தள்ளிவிட்டதும் உண்டு.

குப்பத்துக்குள் அவளுக்கு இன்னொரு மரியாதையும் இருந்தது. கரைக்கு வந்த மீனைப் பங்கு பிரிப்பதில் தகராறு முற்றினால், ஆண்பிள்ளைகளே "தேசம்மாவைக் கூப்புடு" என்பார்கள். படகுக்கு இது, வலைக்கு இது, உழைத்த ஆளுக்கு இது என்று அவள் கூறு போட்டு வைத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. இவ்வளவு நியாயம் தெரிந்தவள்தான் சொந்த வீட்டுக்குள் பெரிய அநியாயம் ஒன்றைச் செய்துவிட்டு, அது அநியாயம் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கினாள்.

எடுத்த எடுப்பில் அவளைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிற தாய் அல்ல அவள். மூத்தவன் சூர்யா, இளையவள் ஜாஸ்மின். இரண்டு பேருக்கும் ஒரே தட்டில்தான் சோறு பிசைந்து ஊட்டினாள். கொரோனா வந்த அந்த வருஷம் அவன் பத்தாவது, அவள் ஒன்பதாவது. குப்பத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் எட்டோடு வகுப்பு முடிந்துவிட்டதால் ஜாஸ்மினை மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, பூட்டிய கேட்டுக்கு வெளியிலேயே சான்றிதழைக் கொடுத்து, தேசம்மாள்தான் போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். பிள்ளைகளை அழைத்து வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜாஸ்மின் அந்தப் பள்ளியை வெளியிலிருந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த ஜூன் மாதம்தான் ராபர்ட் செத்துப்போனான். தேசம்மாளின் புருஷன் ரங்கனுடைய ஃபைபர் படகில் எப்போதும் இரண்டே பேர், ரங்கனும் ராபர்ட்டும். மீசை முளைக்காத காலத்திலிருந்து ஒன்றாகக் கடலுக்குப் போனவர்கள். மாதா கோயில் திருவிழாவுக்கு ரங்கன் தேர் இழுப்பான். எல்லையம்மன் கூழுக்கு ராபர்ட் அடுப்பு மூட்டுவான். காய்ச்சல் என்று ஆம்புலன்ஸில் ஏறியவனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஒரு பிடி மண் போட ரங்கனை விடவில்லை. ராபர்ட்டின் மனைவி ஜொவிட்டா கைக்குழந்தையோடு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தொற்று பயத்தில் கதவைத் தட்டவும் ஆள் இல்லை.

குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. படகில் போகிறவன் படுத்துவிட்டால் அவன் வீட்டிலிருந்து தம்பியோ மச்சானோ ஒருத்தன் அவன் இடத்தில் ஏறி உட்காருவான். பங்கு படுத்தவன் வீட்டுக்குத் தப்பாமல் போய்விடும். இடம் மட்டும் காலியாக இருக்கக் கூடாது. ராபர்ட்டுக்குத் தம்பியும் இல்லை, மச்சானும் இல்லை. வேறு ஆள் வைக்கலாம் என்றால், வந்தவன் பங்கைத் தன் வீட்டுக்குத்தானே கொண்டு போவான்?

"நம்ம பையன் வரட்டும்" என்றான் ரங்கன். "அவன் எடத்துல சூர்யா குந்தட்டும். பங்கு ஜொவிட்டாவுக்குப் போவட்டும். அந்தக் குழந்தை தலையெடுக்கிற வரைக்கும்."

வீட்டில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அதில் என்ன தப்பு கண்டுபிடிக்க முடியும்? சூர்யாவுக்குப் படிப்பை விடக் கடல்தான் பிடிக்கும் என்பது வேறு விஷயம். அவன் அன்றைக்கே அப்பாவின் பழைய பனியனை மாட்டிக்கொண்டு படகில் ஏறிவிட்டான்.

ஆனால் அடுத்த வாரமே ஃபோனில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. காலையில் வகுப்பு. படகு கரை சேர்ந்து, வலையில் சிக்கிய மீனைக் கழற்றி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும். தேசம்மாளுக்குத் திக்கென்றது. பத்தாவது சர்டிபிகேட் இருந்தால் துறைமுகத்தில் ஒரு வேலைக்காவது எழுதிப் போடலாம், ராபர்ட்போல் பெண்டாட்டி பிள்ளைக்கு ஒன்றும் வைக்காமல் மகனும் போய்விட வேண்டாம் என்பது அவள் கணக்கு. வகுப்புக்கு வரவில்லை என்று பள்ளியில் பேரை அடித்துவிட்டால் எல்லாம் போச்சு. படகைக் காப்பாற்றிய அதே வழி அவளுக்குத் தோன்றியது.

"ஜாஸ்மின், அவன் எடத்துல நீ குந்துமே."

"எனுக்கும் அதே டைம்ல கிளாஸ் கீதும்மா."

"உனுக்கு ஒம்போதாவது தானே. அத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம். அவனுக்குப் பத்தாவது. ஆள் மாறுனா இன்னா இப்ப, மூஞ்சியா தெரியப் போவுது?"

மூஞ்சி தெரியவில்லை. கேமராவைப் போட்டால் நெட் தீர்ந்துவிடும் என்று எல்லாப் பையன்களுமே அணைத்து வைத்திருந்தார்கள். குரல்தான் சிக்கல். அதற்கும் தேசம்மாள் வழி சொன்னாள். மைக் ரிப்பேர் என்று எழுதிப் போடு. ஜாஸ்மின் எழுதிப் போட்டாள். வீட்டில் இருந்தது ஒரே ஃபோன். அதில்தான் வாடிக்கைக்காரர்களுக்கு மீனைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், சூர்யாவின் பாடமும் அதில்தான் வரும். கொஞ்ச நாளில் ஃபோன் நிரம்பிவிட்டது. எதையாவது அழித்தாக வேண்டும். மீனை அழிக்க முடியாது, பத்தாவதை அழிக்க முடியாது. ஜாஸ்மினின் பள்ளி வாட்ஸப் குரூப்பை அழித்துவிட்டார்கள். அழித்தது ஜாஸ்மினேதான். அம்மா சொன்னாள், அவள் அழித்தாள்.

ராபர்ட் இடத்தில் சூர்யா உட்கார்ந்தான். சூர்யா இடத்தில் ஜாஸ்மின் உட்கார்ந்தாள். ஜாஸ்மின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. ஊர் வழக்கத்தை எல்லாம் கரைத்துக் குடித்த தேசம்மாளுக்கு இந்தக் கடைசிக் காலியிடம் மட்டும் கண்ணில் படவில்லை.

ஃபோன் கடையில் இருக்க வேண்டும் என்பதால் வகுப்பும் கடையில்தான். மீன் பலகைக்குப் பின்னால், கிழிந்த குடை நிழலில், கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டி மேல் ஜாஸ்மின் உட்காருவாள். காதில் ஒயர். சூர்யாவின் பள்ளிக்கு அந்த வருஷம்தான் புதிதாக வந்த ஆலிஸ் மிஸ் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும்போதே, "சங்கரா ரெண்டு கிலோ, தலை வோணாமாம்" என்று அம்மா தூக்கிப் போடுவாள். அருவாமனையில் செதிலும் செவுளும் எடுத்துக்கொண்டே பாடம் கேட்பாள். ஈரக்கை பட்டால் ஃபோன் வேலை செய்யாது. பாவாடையில் துடைத்துவிட்டு ஒரு விரலால் 'பிரசன்ட் மிஸ்' என்று எழுதுவாள்.

முதலில் அவ்வளவுதான் எழுதினாள். ஒரு நாள் ஆலிஸ் மிஸ் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். அதற்கும் சத்தம் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார். அந்தக் குரலை ஜாஸ்மினால் தாங்க முடியவில்லை. கேள்விக்கு விடை தெரியாது. ஆனாலும், 'நான் இருக்கேன் மிஸ், இன்னொரு தபா சொல்லுங்க' என்று எழுதினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. அண்ணனின் பழைய ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து, தெரியாததை எல்லாம் அதில் பார்த்துக்கொண்டாள். மறுநாள் விடை எழுதினாள். தப்பாக எழுதினாள், பிறகு சரியாக எழுதினாள், பிறகு மற்றவர்கள் யோசிப்பதற்குள் எழுதினாள். "வெரி குட் சூர்யா" என்று காதுக்குள் கேட்கும். அவள் மீனைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். "இன்னாமே, தானா இளிச்சிக்கினு கீற" என்பாள் தேசம்மாள். சூர்யா நல்லாப் படிக்கிறான் என்று டீச்சர் சொன்னதைப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். படித்தது யார் என்று தெரிந்தவளே அப்படிச் சொன்னாள் என்பதுதான் வேடிக்கை. வேடிக்கை என்ன வேடிக்கை, வயிறு எரிகிறது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தேசம்மாளின் புளுகு பொங்கல் வரைக்கும் ஓடியது. பொங்கல் முடிந்ததும் பத்தாம் வகுப்புக்குப் பள்ளியைத் திறந்துவிட்டார்கள், நேரில் வந்தாக வேண்டும் என்று.

ரங்கன் படகுக்கு வேறு ஏற்பாடு பார்த்துக்கொண்டான். பங்கில் பாதியை ஜொவிட்டாவுக்குக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டு, ராபர்ட்டுக்குத் தூரத்துச் சொந்தக்காரன் ஒருத்தன் வந்து சேர்ந்தான். சூர்யா போன வருஷத்துச் சட்டையில் தோளைத் திணித்துக்கொண்டு பள்ளிக்குப் போனான். ஆலிஸ் மிஸ் வகுப்புக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இதுல சூர்யா யாரு?" என்பதுதான். எழுந்து நின்றவனைப் பார்த்து, முகக்கவசத்துக்கு மேலே கண் நிறையச் சிரித்தார். கரும்பலகைக்கு அழைத்து ஒரு கணக்கைப் போடச் சொன்னார். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சூர்யா நின்றான். பையன்கள் முதலில் காத்திருந்தார்கள், பிறகு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி வீசினான். "நான் போட்டுக்கே போறேன். என்னை இனிமே அங்க அனுப்பாதீங்க" என்றான். அப்புறம் ஜாஸ்மினைப் பார்த்து, "உன்ன யாரு அவ்ளோ நல்லாப் படிக்கச் சொன்னது?" என்று கத்தினான்.

சாயங்காலம் ஆலிஸ் மிஸ் ஃபோன் செய்தார். பையனுக்கு என்ன ஆயிற்று என்று கவலையோடு கேட்டார். யாருக்கும் பதில் இல்லாமல் நின்றறியாத தேசம்மாளின் வாய், யோசிக்கும் முன்னால் பேசிவிட்டது.

"அவனுக்குக் கொரோனா வந்து போச்சு டீச்சர். அத்தோட தலையில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது. எல்லாம் மறந்துட்டான்."

"ஐயோ, குழந்தைக்குமா?" என்றார் மிஸ். அவர் நம்பிவிட்டார். தேசம்மாள் பெருமூச்சு விட்டாள், தப்பித்தோம் என்று.

தப்பிக்கவில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறு, சாந்தோம் கோயிலில் பூசை முடிந்த கையோடு ஆலிஸ் மிஸ் கடையைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைப் புடவை, கையில் ஒரு பை. பையில் ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் இருந்தன. தேசம்மாள் பதறி எழுந்து, தன் முக்காலியைத் துடைத்து, உட்காரச் சொன்னாள். சூர்யா சொன்னபடியே மறுபடி கடலுக்குப் போயிருந்தான். ஜாஸ்மின் தன் இடத்தில் உட்கார்ந்து யாருக்கோ வஞ்சிரம் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று குரலைக் கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையைத் தூக்கவில்லை.

"உங்க பையனை நான் விடப் போறதில்லைம்மா" என்றார் மிஸ். "தினமும் ஸ்கூல் விட்டதும் எங்க வீட்டுக்கு வரட்டும். பக்கத்துலதான். நான் உட்கார்ந்து எல்லாத்தையும் திரும்பச் சொல்லித் தரேன். எங்க வீட்டுக்காரருக்கும் இதே கதிதான். விக்டர்னு பேரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து பொழைச்சு வந்தார், ஆனா அடுப்புல பால் வெச்சதை மறந்துடறார், சில நாள் என் பேரையே மறந்துடறார். அதனால எனக்கு இது என்னன்னு தெரியும்."

தேசம்மாள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நான் வீட்டுல தனியா உட்கார்ந்து கிளாஸ் எடுத்தேன். கறுப்புக் கட்டம் கட்டமா தெரியும், ஒரு முகம் இருக்காது. சுவத்தைப் பார்த்துப் பேசறாப்ல இருக்கும். வேலையை விட்டுடலாம்னே நினைச்சேன். உங்க பையன் ஒருத்தன்தான் எழுதுவான். 'நான் இருக்கேன் மிஸ்'னு எழுதுவான். ஒரு நாள் என் குரல் சரியில்லைன்னு, 'சாப்ட்டீங்களா மிஸ்'னு எழுதினான். அன்னிக்கு நான் சாப்பிட்டிருக்கலைம்மா. அந்த ஒரு புள்ளைக்காகத்தான் அடுத்த நாள் கிளாஸ் எடுத்தேன்." மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அப்படிப்பட்ட புள்ளையை எப்படி விட முடியும், சொல்லுங்க."

அருவாமனைச் சத்தம் நின்றிருந்தது. தேசம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஜாஸ்மின் இரண்டு கையாலும் மீன் துண்டைப் பிடித்தபடி, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது கண்ணிலிருந்து பொட்டென்று ஒரு சொட்டு மீன் மேல் விழுந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

சாப்ட்டீங்களா என்று டீச்சரைக் கேட்டவளை, அந்த ஏழு மாதத்தில் ஒரு நாளாவது, உனக்கு என்ன பாடம் நடந்தது என்று தேசம்மாள் கேட்டதுண்டா? பேசாமல் இருந்துவிடலாம். பேசினால் மகனின் பத்தாவது போய்விடும், ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று பேர் வரும். பேசாமல் இருந்தால் டீச்சர் ஆப்பிளைக் கொடுத்துவிட்டுப் போவார், மறதி இல்லாத ஒருவனுக்கு மறதி வைத்தியம் பார்ப்பார், ஜாஸ்மின் இங்கேயே உட்கார்ந்து மீன் நறுக்குவாள். ஊரார் பங்கை எல்லாம் கூறு போட்ட கை, சுற்றிய முந்தானையை விட்டது.

"டீச்சர்" என்றாள். "சூர்யாவுக்குக் கொரோனாவும் வரல, ஒரு மறதியும் வரல. அவன் ஒரு நாள் கூட உங்க கிளாஸ்ல குந்தல. போட்டுக்குப் போய்க்கினு இருந்தான். நான்தான் இவளக் குந்த வெச்சேன். எழுதுனதெல்லாம் இவதான். இன்னா பண்ணணுமோ என்னைப் பண்ணுங்க, புள்ளைங்க மேல தப்பு இல்ல."

ஆலிஸ் மிஸ்ஸுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. "ஏழு மாசமா? என்னை வெச்சு விளையாடினீங்களா?" என்று எழுந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரிகள் எட்டிப் பார்த்தார்கள். தேசம்மாள் தலை கவிழ்ந்து நின்றாள். அவள் தலை கவிழ்ந்து நிற்பதை அந்தச் சாலை அன்றுதான் பார்த்தது.

மிஸ் பலகையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். ஜாஸ்மின் எழுந்து நின்றாள். கையெல்லாம் ரத்தமும் செதிலும். உயரத்தில் மிஸ்ஸின் தோளுக்குக்கூட வரவில்லை.

"நீயா எழுதினே?"

ஜாஸ்மின் மிஸ்ஸைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னா சொல்லட்டும்மா?"

அப்படிக் கேட்டாள் அந்தப் பெண். தன் கையால் எழுதியதைத் தான் எழுதினேன் என்று சொல்வதற்கு அம்மாவிடம் உத்தரவு கேட்டாள். தேசம்மாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "சொல்லுமே" என்றாள். "நீ இன்னா பண்ணியோ அத்தச் சொல்லு. நான் இனிமே ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன்."

"நான்தான் மிஸ்" என்றாள் ஜாஸ்மின். மிஸ் அந்தக் குரலை அன்றுதான் கேட்டார். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆயிடாதே மிஸ்?"

ஆலிஸ் மிஸ் அந்த ஐஸ் பெட்டி மேலேயே, வெள்ளைப் புடவையோடு, உட்கார்ந்துவிட்டார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஈரமும் நாற்றமுமாக இருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"அவனை நான் பாத்துக்கறேன். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கு, உட்கார்த்தி வெச்சுச் சொல்லித் தரேன். உன்னை யார் பாத்துக்கிட்டா? நீ எத்தனாவது?"

"ஒம்போதாவது மிஸ்."

"எந்த ஸ்கூல்?"

ஜாஸ்மின் சொன்னாள்.

"நாளைக்கு ஒன்பதாவதுக்கும் ஸ்கூல் திறக்கறாங்களே, தெரியுமா? நீ வகுப்புக்கே வரலைன்னா படிப்பையே நிறுத்திட்டதா நினைச்சிருப்பாங்க. பரவாயில்லை, அந்த ஸ்கூல்ல எனக்கு நிறைய பேரைத் தெரியும். பாதிப் பேர் எங்க கோயிலுக்கு வரவங்கதான். நான் இப்பவே பேசிடறேன்." மிஸ் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். "உங்க கிளாஸ் மிஸ் பேரு என்ன, சொல்லு."

ஜாஸ்மின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்தாவது பாடத்தில் எதைக் கேட்டிருந்தாலும் அந்த நேரத்துக்குள் பதில் வந்திருக்கும்.

"தெரியாது மிஸ்."

"பேரு மறந்து போச்சா? ஆள் எப்படி இருப்பாங்க, அதைச் சொல்லு. குரல் எப்படி இருக்கும்?"

"கேட்டதே இல்ல மிஸ்."

ஆலிஸ் மிஸ் ஃபோனைப் பிடித்தபடி தேசம்மாள் பக்கம் திரும்பினார். பள்ளியில் சேர்த்தவள் தாய்தானே, அவளுக்காவது தெரிந்திருக்கும். தேசம்மாள் யோசித்தாள். பூட்டிய கேட் ஞாபகம் வந்தது, வரிசை ஞாபகம் வந்தது. குரூப்பில் வந்துகொண்டிருந்த ஏதோ ஒரு நம்பரும், அதை அழிக்கச் சொன்னதும் ஞாபகம் வந்தன.

"எனுக்கும் தெரியாது டீச்சர்" என்றாள்.